நடுவில் ஒருத்தர் வேணும்: ஹைரம் பெர்சி மேக்சிமின் கதை

மொட்டை மாடி. சாயங்கால நேரம். உங்க கையில 5 வாட் ஹேண்டி. தூரத்து மலை மேல ஒரு ரிப்பீட்டர் இருக்கு. அதுல யாரோ பேசுறது உங்களுக்கு நல்லாவே கேட்குது. ஆனா நீங்க பட்டனை அழுத்தி உங்க கால்சைனைச் சொன்னா, பதிலுக்கு ஒண்ணும் வரல. இன்னொரு தடவை சொல்றீங்க, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமா. அப்பவும் ஒண்ணும் இல்ல. கத்திப் பேசினா ரேடியோ அலை கூடுதல் தூரம் போகாதுன்னு நமக்குத் தெரியும். ஆனாலும் கத்துவோம்.

அடுத்து மனசுல என்ன வரும்? பவர் போதல. 10 வாட் செட் ஒண்ணு வாங்கணும். எவ்வளவு ஆகும்?

பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு மனுஷனைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. அவர் வீட்டில் இருந்தது 5 வாட் இல்லை, 1 கிலோவாட். அவர் பேச நினைத்த ஊர் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. அவருக்கும் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு அவர் யோசித்த விதத்தில் இருந்துதான் உலக ஹாம் ரேடியோ இயக்கத்துக்கே ஒரு வடிவம் கிடைத்தது. அவர் பெயர் ஹைரம் பெர்சி மேக்சிம்.

மேக்சிம் என்றதும் மெஷின் கன் ஞாபகம் வருகிறதா? அது அவருடைய அப்பா, ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிம். தானாகவே குண்டு நிரப்பிக்கொண்டு தொடர்ந்து சுடும் துப்பாக்கியை லண்டனில் உருவாக்கியவர். பிரிட்டனில் சர் பட்டம் வாங்கியவர். சித்தப்பா ஹட்சன் மேக்சிம் வெடிமருந்து நிபுணர். இப்படி ஒரு குடும்பத்தில் 1869 செப்டம்பர் 2-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பெர்சி பிறந்தார்.

பெரிய மனிதரின் பிள்ளை என்றால் வழி சுலபம் என்று நினைக்க வேண்டாம். பெர்சிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பா ஐரோப்பாவுக்குப் போனார். குடும்பத்தோடு வாழ அவர் திரும்பி வரவே இல்லை. அங்கேயே இன்னொரு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். பிள்ளைகளை அம்மாதான் வளர்த்தார். பல வருஷம் கழித்து அந்த அப்பாவைப் பற்றி பெர்சி ஒரு புத்தகம் எழுதினார். கசப்பைக் கொட்டி எழுதவில்லை. வீட்டில் இருந்த காலத்தில் அப்பா செய்த கூத்துகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அவர் மனசு எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

பெர்சி எம்.ஐ.டி.யில் இயந்திரக் கலை படிப்பை 1886-ல் முடித்தார். அப்போது அவருக்கு 17 வயதுகூட ஆகவில்லை. வகுப்பிலேயே சின்னவர் அவர்தான். உங்களில் பலர் பிளஸ் டூ எழுதிய வயசில் அவர் வேலைக்குப் போய்விட்டார்.

1890-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸின் லின் நகரில் பீரங்கிக் குண்டு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய முடியாதா என்ற யோசனை அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் எப்படி எரியும் என்று பார்க்க அவர் செய்த சோதனையை உங்க லேப்ல யாரும் அனுமதிக்க மாட்டாங்க, நீங்களும் செய்யாதீங்க. காலியான பீரங்கித் தோட்டாக் கூட்டில் சில துளி பெட்ரோல் விட்டு, வாயை அடைத்து, உருட்டி ஆவியாக்கி, உள்ளே தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டார். வெடித்தது. இத்தனை சின்னத் துளிக்குள் இத்தனை சக்தியா என்று அவர் அசந்துபோன தருணம் அது. 1895-ல் தானே செய்த எஞ்சினை ஒரு மூன்று சக்கர சைக்கிளில் பொருத்தினார். அதே வருஷம், சைக்கிள் தயாரிப்பில் கொடிகட்டிப் பறந்த போப் கம்பெனி தன் மோட்டார் வண்டிப் பிரிவுக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரம் அவருடைய ஊரானது அப்படித்தான்.

அடுத்தது சைலன்சர். துப்பாக்கி முனையில் இருந்து வாயு ஒரேயடியாக வெளியே பாய்வதால்தான் அந்த வெடிச்சத்தம் வருகிறது. அந்த வாயுவைச் சுழலவிட்டு, வேகத்தைக் குறைத்து, மெதுவாக வெளியே விட்டால்? 1909-ல் அதற்குப் பேட்டன்ட் வாங்கினார். அப்பா உலகத்துக்குக் கொடுத்தது காது கிழியும் துப்பாக்கி. அந்தச் சத்தத்தோடு வாழ்ந்து அவருக்கே காது மந்தமாகிவிட்டது. பிள்ளை செய்தது சத்தத்தை அடக்கும் குழாய். பிற்காலத்தில் இந்தக் கம்பெனி எஞ்சின்களுக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் சத்தம் குறைக்கும் கருவிகள் செய்தது. பைக் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஹாஸ்டல் ரோட்டில் ஓட்டுகிற நண்பர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

இப்ப வயர்லெஸ்ஸுக்கு வருவோம்.

மேக்சிமுக்கு நாற்பது வயது தாண்டியபோது இந்தப் பித்து பிடித்தது. அந்தக் காலத்து அமெச்சூர் நிலையத்தை மனசில் கொண்டு வாங்க. பேச்சு கிடையாது, மோர்ஸ் மட்டும்தான். டிரான்ஸ்மிட்டர் என்பது ஒரு தீப்பொறி இடைவெளி. உயர் மின்னழுத்தத்தில் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி, பொறி பறக்கும்போது அலை கிளம்பும், உடனே தேய்ந்து அடங்கும், மறுபடி கிளம்பும். இதனால் சக்தி ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் அகலமாகச் சிதறும். கேட்கும் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கனிமத் துண்டும் அதைத் தொடும் கம்பியும்தான். அதற்குப் பெருக்கும் சக்தி கிடையாது. ஆன்டெனாவில் எவ்வளவு வந்து விழுகிறதோ, அவ்வளவுதான் காதுக்கு.

சட்டமும் அமெச்சூர்களை ஒரு மூலையில் தள்ளியிருந்தது. அமெரிக்காவின் 1912 ரேடியோ சட்டம் அவர்களுக்கு விட்டது 200 மீட்டரும் அதற்குக் கீழான அலைநீளமும்தான். பவர் 1 கிலோவாட்டுக்கு மேல் கூடாது. நீண்ட அலைதான் நெடுந்தூரம் போகும், குட்டை அலை உதவாது என்பது அன்றைய நம்பிக்கை. உதவாத நிலத்தைத்தானே அடுத்தவனுக்கு எழுதி வைப்பாங்க!

1914 ஏப்ரல். மேக்சிமுக்கு ஆடியான் வால்வு ஒன்று தேவைப்பட்டது. மெல்லிய சிக்னலையும் பிடிக்கக்கூடிய, அன்றைக்குப் புதுசான சாமான். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு அமெச்சூரிடம் அது விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்தது. ஹார்ட்ஃபோர்டில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர். வயர்லெஸ்ஸிலேயே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தார். கூப்பிட்டார், கூப்பிட்டார், போய்ச் சேரவில்லை. தூரத்தில் இருந்து கேட்க உதவும் சாமான், அவரால் எட்ட முடியாத தூரத்தில் இருந்தது. வாழ்க்கை சில சமயம் இப்படித்தான் கிண்டல் பண்ணும்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க? பவரைக் கூட்ட முடியாது, சட்டம் தடுக்கிறது. கூட்டினாலும் எவ்வளவு கிடைக்கும்? பவரை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல். ரிசீவரில் இருக்கும் எஸ்-மீட்டரில் ஒரு கட்டத்துக்கு 6 டெசிபெல். அப்படியென்றால் காசைக் கொட்டி வாங்கியது அரைக் கட்டம்.

மேக்சிம் பாதையைப் பார்த்தார். ஹார்ட்ஃபோர்டுக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் ஏறக்குறைய நடுவில் விண்ட்சர் லாக்ஸ் என்று ஒரு ஊர். அங்கே ஒரு அமெச்சூர் இருப்பது ஞாபகம் வந்தது. அவரைக் கூப்பிட்டார், கிடைத்தார். செய்தியைச் சொல்லி, ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொண்டார். வேலை முடிந்தது.

நாம் கோடிங்கில் பக் தேடும்போது பாதியாகப் பிரித்துப் பிரித்துப் பார்ப்போமே, அதேதான். விண்ட்சர் லாக்ஸ் வரை போகிறது என்றால் நம் டிரான்ஸ்மிட்டரும் ஆன்டெனாவும் சரி. அங்கிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போகிறது என்றால் அந்தப் பக்க ரிசீவரும் சரி. குறை எந்தப் பெட்டியிலும் இல்லை, நடுவில் இருக்கும் தூரத்தில்தான். கணக்காகவும் பாருங்க. திறந்த வெளியில் தூரம் பாதியானால் வந்து சேரும் பவர் நான்கு மடங்கு, அதாவது 6 டெசிபெல் லாபம். தரையை ஒட்டிப் போகும் அலைக்கு மண் உறிஞ்சுவதும் குறைவதால் லாபம் இன்னும் அதிகம். டிரான்ஸ்மிட்டரில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் கிடைத்த லாபம் இது.

வால்வு விஷயம் முடிந்ததும் மற்றவர்கள் மறந்திருப்பார்கள். மேக்சிம் மறக்கவில்லை. ஒரு ஊருக்கு இது நடந்தால் நாடு முழுக்க ஏன் நடக்கக் கூடாது? ஊருக்கு ஊர் ஒரு அமெச்சூர், ஒருவர் கேட்டு எழுதி அடுத்தவருக்கு அனுப்புகிறார் என்றால் அஞ்சல் ஓட்டம் மாதிரி செய்தி கடற்கரை முதல் கடற்கரை வரை போகுமே. அந்த வசந்த காலத்திலேயே ஹார்ட்ஃபோர்டு ரேடியோ கிளப்பில் யோசனையை வைத்தார். கூடவே நின்றவர் கிளாரன்ஸ் டஸ்கா. பதின்ம வயதுப் பையன். மேக்சிமுக்கு அப்போது 44 வயது, ஊரறிந்த கம்பெனி முதலாளி. இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக், இன்றைய ஏ.ஆர்.ஆர்.எல். பெயரிலேயே ரிலே உட்கார்ந்திருப்பதைக் கவனிங்க. 1915 டிசம்பரில் க்யூ.எஸ்.டி. பத்திரிகையும் வந்தது. இரண்டும் இன்றும் இருக்கின்றன.

நல்லா யோசிச்சா, அந்த லீக்கின் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு ரிப்பீட்டர்தான். மலை உச்சியில் இருக்கும் நம் ரிப்பீட்டர் ஒரு அதிர்வெண்ணில் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அதிர்வெண்ணில் திருப்பிப் பேசுகிறது. அவர்கள் காதால் கேட்டு, பென்சிலால் எழுதி, கையால் திரும்பத் தட்டினார்கள். இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இயந்திரம் தப்பாக எழுதாது, மனிதன் எழுதுவான். நாலு பேர் கை மாறினால் செய்தியின் முகமே மாறிவிடும். அதனால் யார், எந்த வழியில், எத்தனை வார்த்தை, வந்து சேர்ந்ததா என்பதற்கெல்லாம் ஒழுங்கு வேண்டியிருந்தது. நாட்டைப் பாதைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாதைக்கும் பொறுப்பாளர் வைத்தார்கள். 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் கிளம்பிய செய்தி கலிஃபோர்னியா போய், பதில் திரும்பி வர 1 மணி 20 நிமிஷம்தான் ஆனது. எல்லாம் தீப்பொறி நிலையங்கள், எல்லாம் வேலை நேரம் போக வீட்டில் உட்கார்ந்து தட்டியவர்கள்.

இரண்டே மாதத்தில் எல்லாம் நின்றது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அமெச்சூர் நிலையங்கள் அனைத்தையும் மூடிக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அன்றைக்கு நாட்டில் சுமார் 6,000 அமெச்சூர்கள் இருந்தார்கள். அவர்களில் 4,000 பேருக்கு மேல் படைகளில் சேர்ந்தார்கள். மோர்ஸ் தெரிந்த ஆள் ராணுவத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்ட நேரம். லீக் அலுவலகம் பூட்டப்பட்டது, பத்திரிகை நின்றது.

1918 நவம்பரில் போர் முடிந்தது. நிலையங்களைத் திறக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு வேறு செய்தி வந்தது. ரேடியோ முழுவதையும் கடற்படையின் கட்டுப்பாட்டில் வைக்க ஒரு மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தது. அது நிறைவேறியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து அலை பரப்பும் மாணவன் என்ற ஜாதியே அந்த நாட்டில் இருந்திருக்காது. மேக்சிம் வாஷிங்டனுக்குப் போய்க் குழு முன் சாட்சி சொன்னார். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் தகவல் போனது. உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. மசோதா கிடப்பில் போடப்பட்டது.

ஆனால் தடை நீங்கவில்லை. லீக்கின் நிலைமையை நினைச்சுப் பாருங்க. உறுப்பினர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறியிருந்தார்கள். சிலர் போரில் இருந்து திரும்பவே இல்லை. கையில் பணம் இல்லை. செய்யும் காரியமே சட்ட விரோதம். இப்படி ஒரு சங்கத்தை யாராவது மறுபடி தொடங்குவாங்களா? மேக்சிம் பழைய இயக்குநர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இருந்தவர்கள் தங்கள் காசைப் போட்டார்கள். பழைய உறுப்பினர்களிடம் கடன் பத்திரம் விற்றார்கள், கென்னத் வார்னர் என்பவரைச் சம்பளச் செயலாளராக வைத்தார்கள், பத்திரிகையை லீக்கே வாங்கிக்கொண்டது. அரசாங்கக் கதவை விடாமல் தட்டினார்கள். 1919 அக்டோபர் 1-ல் மறுபடி அலை பரப்ப அனுமதி கிடைத்தது. உங்க காலேஜ்ல ஏதாவது ஒரு கிளப் லாக்டவுனுக்கு அப்புறம் திரும்ப எழுந்திருக்காமலே போயிருந்தா, இது எவ்வளவு பெரிய காரியம்னு உங்களுக்குப் புரியும்.

அடுத்த கேள்வி அட்லான்டிக். 200 மீட்டர் அலை கடலைத் தாண்டுமா? அங்கே நடுவில் விண்ட்சர் லாக்ஸ் கிடையாது, தண்ணீர்தான்.

1921 பிப்ரவரியில் முதல் முயற்சி. அமெரிக்க அமெச்சூர்கள் குறித்த நேரத்தில் அனுப்பினார்கள், பிரிட்டன் அமெச்சூர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. இப்போது மறுபடி அதே கேள்வி. குறை எங்கே? அனுப்புகிற பக்கமா, கேட்கிற பக்கமா, நடுவிலா? லீக் எடுத்த முடிவு அழகானது. நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ரிசீவரையும், அதை இயக்கத் தெரிந்த ஆளையும் அந்தப் பக்கம் கொண்டுபோய் வை. ஒரு பக்கத்தை உறுதி செய்துவிட்டால் மறுபக்கத்தைப் பற்றிப் பேசலாம். லேப்ல சந்தேகமான கேபிளைக் கழற்றிட்டு, நல்ல கேபிளை மாட்டிப் பார்ப்போமே, அதே வேலை, கடல் அளவுக்குப் பெரிசா.

பால் காட்லி என்ற திறமைசாலி சூப்பர்ஹெட் ரிசீவரோடு கப்பல் ஏறினார். ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் போட்டு, தரையில் இருந்து கொஞ்ச உயரத்தில் நீளமான கம்பி இழுத்தார். டிசம்பர் மாதம். குளிர், காற்று, ஈரம். கனெக்டிகட்டின் கிரீனிச்சில் இருந்து 1பி.சி.ஜி. என்ற நிலையம் அனுப்பிய செய்தி அவர் காதில் விழுந்தது. மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்தில் அட்லான்டிக் சிக்னலைக் கேட்டதாக அறிவித்த அதே டிசம்பர் மாதம், 20 வருஷம் கழித்து. மார்க்கோனியிடம் பிரம்மாண்டமான நிலையம் இருந்தது. இவர்களிடம் இருந்தது அமெச்சூர் பவர். காட்லிக்கு மொத்தம் சுமார் 30 அமெரிக்க நிலையங்கள் கேட்டன. தீப்பொறியைவிட வால்வு டிரான்ஸ்மிட்டர்தான் நன்றாகக் கடந்து வந்தது. சக்தியைச் சிதறவிடாமல் ஒரே அதிர்வெண்ணில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே விடை. தீப்பொறியின் காலம் முடியத் தொடங்கியது.

ஒரு வழிப் பாதை திறந்துவிட்டது. ஆனால் நாம் மாடியில் நின்று தவித்த அதே நிலைதான்: ஒரு பக்கம் கேட்கிறது, உரையாடல் இல்லை. பவரைக் கூட்டுவதைவிட வேறு எதை மாற்றலாம்? அலைநீளத்தை. உதவாது என்று ஒதுக்கப்பட்ட 200 மீட்டருக்கும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். 1922-ல் 130 மீட்டர், 1923-ல் 90 மீட்டர் வரை. கீழே போகப் போக நன்றாக இருந்தது! 1923 நவம்பர் இறுதியில் ஹார்ட்ஃபோர்டு பக்கத்தில் இருந்து ஃபிரெட் ஷ்னெல், பிரான்ஸின் நீஸ் நகரில் இருந்த லியோன் டெலாய் இருவரும் சுமார் 100 மீட்டரில் அட்லான்டிக்கைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். அன்றிரவே ஜான் ரைனார்ட்ஸும் சேர்ந்துகொண்டார். அமெச்சூர்களின் முதல் இருவழி அட்லான்டிக் தொடர்பு அது.

ஏன் நடந்தது என்பது பிறகுதான் தெளிவானது. மேலே அயனி மண்டலம் இந்த அலைகளை வளைத்து மறுபடி பூமிக்கு அனுப்புகிறது. அந்த அடுக்கு இருப்பதை ஆப்பிள்டன் சோதனையில் காட்டியது அடுத்த வருஷம், 1924-ல். கடலுக்கு நடுவில் விண்ட்சர் லாக்ஸ் இல்லை என்று நினைத்தார்கள். அது வானத்தில் இருந்தது.

1925-ல் பாரிஸில் பல நாட்டு அமெச்சூர்கள் கூடிச் சர்வதேச ஒன்றியம் அமைத்தபோது முதல் தலைவர் மேக்சிம்தான். அதன் பிறகும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷமே வீட்டில் சினிமா எடுப்பவர்களுக்காக அமெச்சூர் சினிமா லீக் தொடங்கினார். வானியலில் மூழ்கி, பிரபஞ்சத்தில் உயிர் பற்றி 1933-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

இன்னொரு சுவையான விஷயம். க்யூ.எஸ்.டி. பத்திரிகையில் கிழவர் என்ற பொருளில் ஒரு புனைபெயரில் கட்டுரைகள் வரும். அடுத்தவர் பேசும்போது குறுக்கே விழுபவர்கள், கேட்காமலே கூப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், அசிங்கமாகச் சிக்னல் பரப்புபவர்கள், எல்லாரையும் அந்தக் கிழவர் வறுத்தெடுப்பார். யார் அது என்று வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். லீக் தலைவரே தன் உறுப்பினர்களை இப்படித் திட்டித் திருத்தினார் என்பது அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது.

1936 பிப்ரவரியில் மனைவி ஜோசஃபினோடு கலிஃபோர்னியாவுக்கு ரயிலில் கிளம்பினார். லிக் வானாய்வகத்தைப் பார்க்கும் ஆசை. வழியில் உடம்பு முடியாமல் போய், கொலராடோவின் லா ஹன்டாவில் இறக்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிப்ரவரி 17-ல் காலமானார். வயது 66. அவருடைய கால்சைன் டபிள்யூ1ஏ.டபிள்யூ. அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் லீக் தலைமை நிலையத்துக்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்றும் கனெக்டிகட்டில் இருந்து அந்தப் பெயரில் அலை கிளம்புகிறது.

சரி, நீங்க இன்னும் மொட்டை மாடியிலதான் நிக்கிறீங்க. மேக்சிம் பக்கத்துல இருந்தா என்ன செய்வார்? பாதையைத் துண்டு துண்டாப் பிரிப்பார். நீங்களும் அதே வரிசையில் போங்க.

முதல்ல உங்க பெட்டி சரியான்னு பாருங்க. பக்கத்துத் தெருவுல இருக்கிற ஹாம் நண்பர்கிட்ட ரிப்பீட்டர் இல்லாம நேரடியா பேசுங்க. அவருக்குத் தெளிவா கேட்டா உங்க செட், பேட்டரி, ஆன்டெனா மூணும் உயிரோட இருக்கு. பேட்டரியை மட்டும் நல்லா கவனிங்க. கேட்கும்போது சரியா இருந்து, பட்டனை அழுத்தினதும் வோல்டேஜ் படுத்துக்கிற பேட்டரி நிறைய உண்டு.

அடுத்து செட்டிங். ரிப்பீட்டர் 145.200 மெகாஹெர்ட்ஸில் பேசினா, வழக்கமா 600 கிலோஹெர்ட்ஸ் கீழே, 144.600-ல் கேட்கும். ஆஃப்செட் அளவும் அதன் திசையும் சரியா இருக்கா? பல ரிப்பீட்டர்கள் 88.5 ஹெர்ட்ஸ் மாதிரி ஒரு மெல்லிய டோன் கூட வந்தால்தான் கதவைத் திறக்கும். அந்த டோன் தப்பா இருந்தா நீங்க 50 வாட்ல கத்தினாலும் அது வாசலைத் திறக்காது. கேட்குது, ஆனா திறக்கலன்னா, பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் ஒளிஞ்சிருப்பார். நண்பரோட செட்டை ரிப்பீட்டர் கேட்கும் அதிர்வெண்ணில் வைக்கச் சொல்லி, நீங்க உண்மையிலேயே அங்கேதான் போறீங்களான்னு பாத்துடுங்க.

மூணாவது, பாதை. இந்த அதிர்வெண்களில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். எட்டும் தூரத்துக்கு ஒரு கைக்கணக்கு: இரண்டு ஆன்டெனா உயரங்களையும் மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்குங்க. விடை கிலோமீட்டரில். ரிப்பீட்டர் சுற்றியுள்ள நிலத்தைவிட 100 மீட்டர் உயரத்தில் இருந்து, நீங்க தரையில் நின்றால் சுமார் 46 கிலோமீட்டர். 16 மீட்டர் உயர மாடிக்கு ஏறினால் சுமார் 58. படிக்கட்டு ஏறினதுக்கு 12 கிலோமீட்டர் இலவசம். நடுவில் மலையோ பெரிய கட்டடமோ இருந்தா இந்தக் கணக்கு செல்லாது. அப்போ மாடியோட வேற மூலைக்கு நகர்ந்து பாருங்க, இரண்டடி தள்ளி நின்னாலே சில சமயம் கிடைக்கும்.

நாலாவது, ஆன்டெனா. செட்டோட வர்ற குட்டி ரப்பர் ஆன்டெனா பாக்கெட்டுக்கு வசதி, தூரத்துக்கு இல்ல. 2 மீட்டர் பேண்டுக்குக் கால் அலைக் கம்பி சுமார் அரை மீட்டர்தான், ஹாஸ்டல் அறையிலேயே செய்யலாம். வெளி ஆன்டெனா போட்டிருந்தா கேபிளையும் கனெக்டரையும் சந்தேகப்படுங்க. மழைத் தண்ணி இறங்கின கனெக்டர் உங்க 5 வாட்ல பாதியைக் குடிச்சிடும்.

ஒரு சமன்பாட்டையும் மறக்காதீங்க. ரிப்பீட்டர் 50 வாட், நீங்க 5 வாட்னா, அது உங்களுக்குக் கேட்கிறதைவிட நீங்க அதுக்குக் கேட்கிறது 10 டெசிபெல் குறைவு. அதனால காதுக்கு நல்லா கேட்குதுங்கறது உங்க சிக்னல் அங்க போய்ச் சேருதுங்கறதுக்கு அத்தாட்சி ஆகாது.

இத்தனையும் பாத்து முடிச்சும் எட்டலன்னா, கடைசியா பவரைப் பத்தி யோசிங்க. அதுக்கும் முன்னாடி இன்னொரு வழி இருக்கு. உங்களுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற ஊரில் ஒரு ஹாம் இருக்காரான்னு கேளுங்க. உங்க செய்தியை அவர் வாங்கி அந்தப் பக்கம் சொல்லட்டும். வெள்ளமோ புயலோ வந்து டவர் எல்லாம் படுத்த ராத்திரியில, இந்தப் பழக்கம்தான் ஒரு ஊரின் செய்தியை அடுத்த ஊருக்குக் கொண்டு போகும்.

இன்னும் லைசென்ஸ் இல்லையா? 12 வயது முடிந்திருந்தால் போதும், மத்திய அரசு நடத்தும் அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வை நீங்க எழுதலாம். மின்னியல் அடிப்படை பாதி உங்க முதல் வருஷ சிலபஸ்லயே இருக்கு. அது கையில் வரும் வரை பட்டனைத் தொடாதீங்க. கேட்டுட்டே இருங்க. அந்தக் கிழவரும் புதுசா வர்றவங்களை முதல்ல கேட்கத்தான் சொல்லியிருப்பார்.